உட்கார்ந்து அளந்த ஜன்னல்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாக, தியானத்துக்கென்று 10க்கு 12 அடியில் ஒரு மரக்குடில் வேண்டும் என்றார் அந்த அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. "கான்கிரீட் வேண்டாம்ப்பா. எனக்கப்புறம் யாருக்கும் வேண்டாம்னா, கழற்றி அடுக்கி வைக்கிற மாதிரி இருக்கணும்."

முதல் வரைபடத்தைச் சேலத்து அலுவலகத்தில் உட்கார்ந்தே போட்டேன். ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 3 அடி. எல்லா வீட்டுக்கும் போடுகிற கணக்கு. அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனபோது அவர் எதுவும் சொல்லாமல், குடில் வரவேண்டிய இடத்தில் பாய் விரித்து என்னை உட்காரச் சொன்னார். சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஆசாரி டேப்பை நீட்டி என் கண்மட்டத்தை அளந்தார். இரண்டரை அடி. நான் வரைந்த ஜன்னல் வழியாக வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும். மிளகுக்கொடி ஏறிய மரங்களும் கீழே இறங்கும் சரிவும் சுவருக்குப் பின்னால் போயிருக்கும். இத்தனை வருடமும் நிற்கிறவர்களுக்காகவே வரைந்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பாயிலிருந்து எழுந்திருக்காமலே அடிமட்டத்தை ஒன்றேகால் அடிக்கு இறக்கினேன்.

மரம் அதே தோட்டத்தில் நின்றது. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் வளர்க்கிற சில்வர் ஓக். முதிர்ந்தவற்றை மட்டும் அனுமதி வாங்கி வெட்டினோம். எங்கிருந்தோ தேக்கை லாரியில் ஏற்றி வருவதைவிட இதுவே சரி என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆசாரிக்கு மனமில்லை. "இது பெட்டி அடிக்கிற மரம் சார். தேக்கு மாதிரி வைரம் பாயாது. உளுத்துப்போகும்."

அவர் சொன்னது உண்மை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, அது காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்த கரிமம். குடில் ஐந்தாறு வருடத்தில் மக்கிப்போனால் அத்தனையும் திரும்பக் காற்றுக்கே போய்விடும். இயற்கைக்கு உகந்த கட்டடம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்த உரிமையும் இருக்காது. எனவே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் பலகைகளை ஊறவைத்தோம். பூச்சிக்கு நல்ல மருந்து. ஆனால் மழை பட்டால் கரைந்து ஓடிவிடும். ஆகவே மழையே படாதபடி இறவாரத்தை 3 அடி வெளியே நீட்டினோம். தூண்களை ஒன்றரை அடிக் கருங்கல் மேல் நிறுத்தினோம். பழைய திண்ணை வீடுகளில் மரத்தூண் கல்லின் மேல்தானே நிற்கிறது? மண்ணின் ஈரம் மரத்துக்கு ஏறாமலிருக்க நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்த வழி. மூட்டுகளில் கழுந்தும் துளையும், அதாவது ஒரு கட்டையின் முனையைச் சீவி அடுத்ததன் துளைக்குள் செருகுவது, இறுக்க மர ஆப்பும். கூரைக்கு ஓடு, தகரம் போட்டால் மழைக்காலம் முழுக்க அறை பறையாகிவிடும்.

இத்தனையும் யோசித்த நான் ஒன்றில் அவசரப்பட்டேன். அறுத்த பலகைகளை இடைக்கட்டை வைத்து நிழலில் அடுக்கி ஆறு மாதமாவது ஆறவிட வேண்டும் என்றார் ஆசாரி. தைப்பூசத்துக்குள் முடித்துவிடலாம் என்று மூன்றாவது மாதமே எடுத்துவிட்டேன். ஈரமானி 22 சதவீதம் காட்டியது. 12 அல்லது 14க்கு வந்திருக்க வேண்டும்.

மாசியில் காற்று உலர்ந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். இரு விளிம்பிலும் ஆணி அடித்து இறுக்கிய தரைப் பலகைகள் சுருங்க இடமில்லாமல் திணறின. இரவெல்லாம் டக், டக் என்று சத்தம். சில பலகைகள் வெடித்தே விட்டன. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "கண்ணை மூடினா பக்கத்துல யாரோ சொடக்கு எடுக்கிற மாதிரி இருக்குப்பா." குறையாகச் சொல்லவில்லை, தகவல் போலத்தான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அமைதிக்காகக் கட்டிய அறை அது.

சித்திரையில் என் செலவில் தரை முழுவதையும் பிரித்தோம். அதற்குள் பலகைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. மறுபடி இழைத்து, ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிப் பள்ளத்தில் தளர்வாக உட்காரும்படி சீவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பில் மட்டும் திருகாணி போட்டார் ஆசாரி. மறுவிளிம்பு சுருங்கவும் உப்பவும் இடம் விட்டாயிற்று. அடியில் தாங்கு கட்டைகளின் மேல் தென்னைநார்ப் பாயைக் கீற்றாக வெட்டிப் பரப்பினோம். ஒருவர் நடந்தால் அந்த அதிர்வு உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு வராது.

அடுத்த மாசியில் அம்மாவிடம் கேட்டு அந்தக் குடிலில் ஓர் இரவு தங்கினேன். விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தேன். தரை பேசவில்லை. விடிவதற்குச் சற்று முன்னால், முகட்டுப் பக்கம் ஒரே ஒரு டக். காலையில் ஆசாரியை வரச்சொல்லி, ஏணி போட்டு, எந்த மூட்டு என்று இருவரும் தேடினோம்.