ஆடு வாய் வைத்தால்தான் பூக்கும்

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சீமைச்சுண்ணாம்பு மேடுகள் உண்டு. நாலு விரல் மண்ணைத் தள்ளினால் போதும், அடியில் வெள்ளை வெளேரென்று தெரியும். அப்படி ஒரு மேட்டில்தான் எனக்குக் களப்பணி. நான் அந்த வேலைக்குப் போனதே பாஸ்க் பூவுக்காக என்று சொல்லலாம். நம் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்கிறார்களே, அதிலிருந்து வந்த பெயர், ஈஸ்டரை ஒட்டி ஏப்ரலில் பூக்கும். ஊதா இதழ்கள், நடுவே மஞ்சளாய் மகரந்தம், தண்டெல்லாம் பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல மெல்லிய ரோமம். காலையில் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தால் அந்த ரோமத்தில் பனி கோத்து நிற்கும்.

இங்கிலாந்தில் இது தானாக வளரும் இடங்கள் இன்று இருபதுகூடத் தேறாது. மேடுகளை உழுது பயிரிட்டதில் பெரும்பாலும் அழிந்தது, அது எல்லோருக்கும் புரியும். ஏர் படாத இடத்திலும் ஏன் அழிந்தது என்பதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

வந்த வருஷமே ஒரு தப்பு செய்தேன். மேட்டில் மேய ஆடுகள் வரும் நேரம், ஒரு மூலையில் பதினைந்து செடி இருந்தது, அதை மட்டுமாவது விட்டுவைப்போம், மிதித்துவிடும் என்று கெஞ்சிக் கேட்டு, நானே கம்பு நட்டு வேலி கட்டினேன். இரண்டு வருஷம் அந்தப் பக்கம் ஆடு போகவில்லை. மூன்றாம் ஏப்ரலில் எண்ணப் போனால் மூன்றே பூ. வேலிக்கு வெளியே, ஆடு மேய்ந்த சரிவில், எப்போதும்போலப் பூத்துக் கிடந்தது. கையால் விலக்கிப் பார்த்தேன், முந்தைய வருஷத்துப் புல் காய்ந்து மெத்தைபோல் படிந்திருந்தது, அதற்கடியில் செடி சாகவில்லை, இலை வெளுத்து, வெளிச்சம் தேடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போடுவார்கள், புழுக்கை எருவாகட்டும் என்று. இந்த மேடுகளிலும் பழைய காலத்தில் அதேதான் நடந்திருக்கிறது: பகலெல்லாம் மேட்டில் மேய்ச்சல், ராத்திரிக்குக் கீழே தானிய வயலில் கிடை. மேட்டுச் சத்து நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டு வயிற்றில் ஏறி வயலுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. மேட்டு மண் அப்படிச் சத்துக் குறைந்து போனதால்தான் முரட்டுப் புல் தலையெடுக்கவில்லை, ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகூட நெருங்கி வாழ முடிந்தது. அப்புறம் மந்தைகள் குறைந்தன, புல்லைக் கொறித்துக்கொண்டிருந்த முயல்களும் 1953-ல் வந்த மிக்ஸமடோசிஸ் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய வாய் இல்லாமல் போனது, புல் ஏறிவிட்டது.

அதனால் இப்போது என் வேலை பெரும்பாலும் தேதி பார்ப்பதுதான். கோடை முடியும்போது ஆடுகளை ஏற்ற வேண்டும், குளிர்காலம் வரை நன்றாக ஒட்ட மேயவிட வேண்டும், மொட்டு தலைகாட்டுவதற்கு முன்பு இறக்கிவிட வேண்டும். இரண்டு வாரம் பிந்தினாலும் அந்த வருஷத்துப் பூ போய்விடும். ஆடு ஏறாத செங்குத்துச் சரிவில் நாங்களே அறுக்கிறோம், அறுத்ததை ஒரு துரும்பு விடாமல் வாரி வெளியே கொண்டுபோகிறோம், கிடந்து மக்கினால் அதுவே உரமாகிவிடும். முதுகு ஒடிகிற வேலை, ஆனால் ஒரு நாளும் வீண் என்று தோன்றியதில்லை.

இதே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ராய்ஸ்டன் ஊர்ப் பக்கம் தெர்ஃபீல்ட் ஹீத் என்ற மேட்டுக்கு ஏப்ரலில் போனால் சரிவு முழுக்க ஊதாவாக இருக்கும், பார்க்க முடிந்தவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள். என் மூலையில் வேலியைப் பிடுங்கி ஒரு வருஷம் ஆகிறது, இந்த ஏப்ரலில் ஆறு பூ. பூ உதிர்ந்து விதைகள் வெள்ளைப் பஞ்சாய் விரிந்தபோது, அவை ஒட்ட வெறும் மண் இருக்கிறதா என்று பார்த்தேன். போன குளிரில் குளம்பு கிளறிய இடங்கள் அங்கங்கே திட்டுத்திட்டாக வெள்ளையாக இருந்தன.