இரண்டு முறை வெட்டும் கோடுகள்

மூலதனக் கோட்பாட்டில் ஆய்வு செய்ய வரும் மாணவர் முதலில் போட வேண்டியது 1966-இல் பொருளியலாளர் சாமுவேல்சன் வெளியிட்ட கணக்கு. ஒரே பொருளுக்கு இரண்டு நுட்பங்கள். முதலாவதில், பொருள் கைக்கு வர இரண்டு பருவம் முன்பு 7 அலகு உழைப்பு. மற்றதில் மூன்று பருவம் முன்பு 2 அலகு, ஒரு பருவம் முன்பு 6 அலகு. போட்ட கூலிக்குக் கூட்டு வட்டி ஏறும். வட்டியே இல்லையென்றால் முதல் நுட்பம் மலிவு: 7-க்கு எதிராக 8. வட்டி 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டாவது மலிவு. 100-ஐக் கடந்ததும் முதலாவதே திரும்பி வந்துவிடுகிறது! வட்டி குறையக் குறைய மூலதனம் மிகுந்த நுட்பத்துக்கே மாறுவார்கள் என்ற பாடநூல் வாசகம் இங்கே நிற்காது. முழுப் பொருளாதாரத்தில் இப்படி நடக்காது என்று 1965-இல் லெவ்ஹாரி தந்த தேற்றமும் பசினெட்டி போன்றோரின் எதிர்க்காட்டுகளால் விழுந்தது.

இதையே கணினியில் தேடும்போதுதான் சிக்கல். வட்டி 75 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். செலவுகள் 21.4375, 21.21875, இடைவெளி சுமார் ஒரு சதவீதம். முழு எண்ணாக்கினால் இரண்டும் 21. 40 சதவீதத்திலும் 110-இலும் மட்டும் சோதித்தால், இரண்டிலும் முதல் நுட்பமே வெல்லும். மாற்றமே இல்லை என்று எழுதிவிடுவோம். சோதித்த புள்ளிகளில் செலவு வித்தியாசத்தின் குறி (கூட்டலா, கழித்தலா) மாறுகிறதா என்று பார்ப்பது போதாது. அந்த வித்தியாசம் எங்கே மிகக் குறைகிறது என்றும் தேட வேண்டும்.

பல துறைகள் கொண்ட மாதிரியில் முதல் வேலை உள்ளீட்டு அணியின் (ஒவ்வொரு பொருளின் ஓர் அலகுக்கும் எந்தப் பொருள் எவ்வளவு செலவாகிறது என்ற எண் கட்டத்தின்) மிகப்பெரிய ஐகன் மதிப்பைக் (eigenvalue) காண்பது. அது 0.8 என்றால், இங்கே வட்டியின் இடத்தில் வரும் இலாப விகிதத்தின் உச்சம் 25 சதவீதம். ஒவ்வொரு நுட்பத்துக்கும் உச்சம் வேறு. விடையில் எதிர்மறை விலை வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்றின் உச்சத்தை மீறியிருப்போம். உச்சத்தை நெருங்கும்போது விலைச் சமன்பாடுகளின் அணி கிட்டத்தட்ட நேர்மாறற்றதாகிவிடும். நேர்மாறைக் கண்டு பெருக்குவதைவிட, சமன்பாடுகளை நேரடியாகத் தீர்ப்பதே நல்லது.

இன்னொரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. விலைகளை அளக்கும் பொருளை மாற்றிப் பாருங்கள். இலாப விகிதம் மாற மாறக் கூலி எப்படி மாறுகிறது என்று காட்டும் கூலிக் கோடுகள் வளைந்து நெளியும், அது இயல்பு. ஆனால் ஒரே ஒரு செய்முறையில் மட்டும் வேறுபடும் நுட்பங்களுக்கு, அவற்றின் கோடுகள் சந்திக்கும் வெட்டுப்புள்ளியின் இலாப விகிதம் நகரக் கூடாது. நகர்ந்தால் நிரலில் பிழை.

நிஜ உள்ளீடு-வெளியீட்டு அட்டவணைகளை (எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற பட்டியல்களை) வைத்து ஹான், ஷெஃபோல்டு இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நுட்பம் திரும்பி வருவது மிக அரிதாகவே தென்பட்டது. அரிது என்பதால் கோட்பாட்டுச் சிக்கல் தீர்ந்துவிடாது. தர்க்கத்துக்கு ஒரு எதிர்க்காட்டு போதும். அட்டவணையில் அப்படி ஒன்று சிக்கினால், வெட்டுப்புள்ளிகளோடு அவற்றுக்கு இடையிலுள்ள செலவு வித்தியாசத்தையும் அச்சிடுங்கள். அது தரவின் பிழை அளவைவிடச் சிறியதாக இருந்தால், கண்டுபிடிப்பு என்று சொல்ல இயலாது.