கிளினிக்கில் முதல் நாள் என்னதான் கேட்பார்கள்?

"உளவளத்துணைக்குப் போய்ப் பாருங்க" என்றால் உடனே வரும் பதில், "எனக்கென்ன விசரா?" போரும் சுனாமியும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கண்ட மட்டக்களப்பில் இன்னும் இப்படிக் கேட்பது வேதனையாக இருக்கிறது.

பெரியம்மாவோடு மனநலக் கிளினிக்குக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. கடல் இரைந்தால் எழும்பிக் கதவடியில் நிற்பார். மருந்தைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் வந்தார். ஆனால் டொக்டர் ஆறுதலாகக் கேட்டார்: எத்தனை மணிக்குப் படுப்பீங்க அம்மா, சாப்பாடு இறங்குதா, செத்தால் நல்லம் என்று எப்பவாவது நினைச்சீங்களா? தைரொயிட்டுக்கு இரத்தப் பரிசோதனையும் எழுதினார். அந்தச் சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு வருமாம். மறுகா என்னையும் உள்ளே கூப்பிட்டு வீட்டு நிலைமையை விசாரித்தார். இரவில் எழும்பினால் அதட்டாமல் பக்கத்தில் இருங்கள் என்றார்.

அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருந்து தருவதில்லை. கணவன் மனைவிப் பிரச்சினை, பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளை என்று குடும்பமாகப் போய்ப் பேசலாம். போக முடியாதவர்கள் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

வீட்டில் யாராவது சாகப்போகிறேன் என்று சொன்னால் மட்டும் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.