குறைமாதக் குழந்தையின் ரத்தக் கொழுப்பு: எந்த எண்ணைப் பார்ப்பது?

கடலூரிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ புதுச்சேரிக்குக் கொண்டுவந்த குறைமாதக் குழந்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்தால், கண் முதலில் கொலஸ்ட்ராலில்தான் நிற்கும். அந்தப் பயம் வேண்டாம். பார்க்க வேண்டியது ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு.

நிறைமாதக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 60–70 மி.கி. அளவில்தான் இருக்கும். குறைமாதத்தில் சற்றுக் கூடுவதுண்டு. கருவின் அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். கொழுப்பை எடுத்துத்தான் ஹார்மோன் செய்கிறது. கடைசி வாரங்களில் அந்த வேலை மும்முரமாகும். அதற்குள் பிறந்துவிட்டால், செலவாகாதது ரத்தத்திலேயே தங்குகிறது என்பதே வழக்கமான விளக்கம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உடம்பில் கொழுப்புச் சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். 28 வாரத்தில் வந்த பிள்ளைக்குச் சேமிப்பு மிகக் குறைவு. பால் போதுமான அளவு ஏறும்வரை ரத்தக்குழாய் வழியாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் (100 மில்லியில் 20 கிராம் கொழுப்பு) கொடுப்பார்கள்: கிலோவுக்கு நாளொன்றுக்கு 1–2 கிராமில் தொடங்கி 3 கிராம்வரை. ஒரு கிலோ குழந்தைக்கு 3 கிராம் என்றால் 15 மில்லி. 24 மணி நேரத்துக்கும் பரப்பினால் மணிக்கு 0.6 மில்லிக்குக் கொஞ்சம் மேல். அதையே அவசரமாக ஓட்டினால் ட்ரைகிளிசரைடு ஏறிவிடும், ஏனென்றால் கொழுப்பை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் நொதி இவர்களிடம் குறைவு. ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 265 மி.கி. தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். பல நாள் அடியோடு நிறுத்திவிடக் கூடாது. மூளைக்கும் தோலுக்கும் வேண்டிய லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

ட்ரைகிளிசரைடு எண் திடீரென ஏறினால் கிருமித்தொற்றையும் தேடுங்கள். கொழுப்பு ஓடும் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்திருந்தால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) பால்போல் வெளுத்திருந்தால் சோடியம், பிலிருபின் அளவுகளும் பிசகலாம்.

மூக்குக்குழாய் வழியே பால் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிரிஞ்ச் பம்பில் மெதுவாக ஓடும் தாய்ப்பாலில் ஆடைபோல் கொழுப்பு மேலே மிதந்து, சிரிஞ்சின் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் போய்ச் சேருவது அடியில் நிற்கும் நீர்த்த பால். சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, குழாயைக் குட்டையாக வைத்தால் கொழுப்பு முதலில் உள்ளே போகும். முடிந்தால் பம்ப் இல்லாமல் கையில் பிடித்து மெல்ல இறக்குவதே மேல்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பெற்றவளுக்குப் பால் ஊறாத நாட்களில் அது பெரிய துணை. ஆனால் வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். கிருமியோடு, கொழுப்பைச் செரிக்கப் பாலிலேயே உள்ள லைபேஸும் அதில் போய்விடும். ஆகவே அம்மாவிடம் பிழிந்தெடுத்த பால் 2 மில்லி கிடைத்தாலும், முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும்.