தேயிலைப் பேணி: மூடிக் கறள் நின்றது, விளிம்பு இன்னும் மிச்சம்

நான் திருத்துகிற பழைய தேயிலைப் பேணியின் மூடிக் கறள் ஒருவழியாக நின்றுவிட்டது. நாலு பின்னேரம் எடுத்தது. மேலே அடித்த படத்தில் பொட்டு நிறம்கூடப் போகவில்லை என்பதுதான் பெரிய சந்தோசம்.

பேணி ஒரு இறாத்தல் கொள்ளுகிற சதுரப் பேணி, பிணைச்சல் வைத்த மூடி. எடை இறாத்தலில் அடித்திருக்கிறது. உள்ளூரில் விற்ற பேணி என்பதால் கிராம் கணக்கு வருவதற்கு முந்தியது என்று எடுக்கலாம். 'சிலோன்' என்ற சொல்லை வைத்துத் தேயிலைப் பேணிக்கு வயது சொல்லாதீர்கள். 1972இல் நாட்டின் பெயர் மாறியும் தேயிலைக்கு அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

இந்தப் பேணிகளில் படத்தைத் தட்டையான தகட்டில் அடித்துச் சூளையில் காயவைத்த பிறகுதான் மடிப்பார்கள். மடித்த இடத்தில் வார்னிஷ் வெடிக்கும், கறள் அங்கேயிருந்துதான் தொடங்கும். வெள்ளீயப் பூச்சில் கீறல் விழுந்தால் கீழே இருக்கிற இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். கடற்காற்று உப்போடு வருகிற எங்கள் ஊரில் சொல்லவே தேவையில்லை.

சிற்றிக் அசிட்டை (லீற்றருக்கு 50 கிராம்) படம் இல்லாத உட்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்த்து, முடிவில் அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி உடனே துடைக்க வேண்டும். படப்பக்கத்தில் வைத்தால் அது பெயின்றுக்குக் கீழே ஊர்ந்து ஓரத்தைக் கிளப்பிவிடும். தேசிக்காயும் அதே வேலைதான் செய்யும். பித்தளை மினுக்குகிற பொலிஷைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அரைதூள் நிறத்தையே வழித்துவிடும்.

படப்பக்கத்துக்குக் கடுக்காய். கொட்டை நீக்கி இடித்த தோல் 50 கிராம், தண்ணீர் அரை லீற்றர், பாதியாக வற்றும்வரை காய்ச்சி, சீலையில் வடித்து, ஆறவைக்க வேண்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் சாறு அங்கேயே கறுத்துப் பிரயோசனமில்லாமல் போகும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி நல்லது. கடுக்காய்த் துவர்ப்பு கறளோடு சேர்ந்து நீலக்கறுப்பாக இறுகும். பழைய காலத்து மையும் இதே இரசாயனம்தான்.

கஷ்டம் பூசுவதில்தான். முதலில் உதிர்கிற செதிலை எடுக்க வேண்டும், சாறு அதை ஊடுருவாது. தென்னோலை ஈர்க்கின் நுனியைச் சாய்வாகச் சீவி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கறள் பொட்டின் நடுவில் மட்டும் சுரண்டினால் போதும். விளிம்பைத் தொடாதீர்கள், அங்கே பெயின்ற் காற்றில்தான் நிற்கிறது. ஈர்க்கு மெதுமையானது, வார்னிஷைக் கீறாது. ஊசி நிச்சயம் கீறும். பிறகு சவர்க்காரத் தண்ணீர் நனைத்த பஞ்சால் எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் சாறு முத்து முத்தாக நிற்குமே தவிர ஒட்டாது. இரண்டாவது ஈர்க்கில் பஞ்சு சுற்றிச் சாறு தொட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுக்கத் தொடங்கும். வெளியே வழிந்ததை அந்த நிமிடமே துடையுங்கள், படத்தின் வெளிர்மஞ்சள் பின்னணியில் கறை நின்றுவிடும். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு. மிஞ்சிய சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெளியே பூஞ்சணம் பிடிக்கும்.

மேலே தேன்மெழுகு, மெல்லிசாக. தேங்காயெண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் நாள்பட மஞ்சட் பிசினாக இறுகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

மண்கடதாசியால் உலர உரஞ்ச வேண்டாம். பழைய நிறங்களிலும் பக்க மூட்டை ஒட்டிய உலோகப் பற்றிலும் காரீயம் இருக்கலாம். அதே காரணத்துக்காகச் சாப்பாட்டுச் சாமான் போட்டு வைக்கவும் வேண்டாம்.

கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், புழுத்துளை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். பேணிக்குப் பழைய இரும்பு எடுக்கிற இடங்கள்தான், நசுக்கிக் கட்டுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அடுக்குப் பேணி ஐந்தும் மூடியோடு கிடைத்தால் விலை பார்க்காமல் எடுக்கலாம். அடுத்த வேலை அதுதான், இப்போதைக்கு மூன்றுதான் சேர்ந்திருக்கிறது.

இந்தத் தேயிலைப் பேணியில் மிச்சம் மூடியின் சுருட்டு விளிம்பு. உள்ளே கறள் இருக்கிறது, ஈர்க்கு போகாது. மெல்லிய ஊசிச் சிறிஞ்சால் சாறு ஏற்றி, கவிழ்த்துவைத்து இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். வெயிலில் வைத்தால் சிவப்பு வெளுக்கும். மாரி தொடங்கினால் உள்ளே ஈரம் காயாது, அதற்கு முன் முடிக்க வேண்டும்.