நூறு மில்லிக்கு 99.60 கிராம்

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிப்பெட், பியூரெட், குடுவை என்று எது வந்தாலும் தண்ணீரை நிரப்பி எடை போடுவோம். அந்த எடையிலிருந்து கன அளவைக் கணக்கிடுவோம். எடையை 0.1 மில்லிகிராம் வரை நம்பிச் சொல்ல நல்ல தராசு இருக்கிறது. கன அளவை அவ்வளவு நுணுக்கமாகக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

புதிதாகச் சேருகிறவர்கள் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. 100 மில்லி குடுவையைக் கோடு வரை நிரப்பினால், குடுவையின் எடை போக 99.60 கிராம்தான் வரும். "சார், இது அளவு குறையுது, ரிஜெக்ட் பண்ணிடலாமா?" என்பார்கள். அந்தத் தரக் குடுவைக்கு அனுமதித்த பிழையே 0.1 மில்லிதான். ஒரு மில்லி ஒரு கிராம் என்று பள்ளியில் படித்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் குடுவையில் குறை இல்லை.

அப்போது 0.4 கிராம் எங்கே போனது? 25 டிகிரி செல்சியஸில் ஒரு மில்லி தண்ணீர் 0.9970 கிராம்தான் இருக்கும். 0.3 அதிலேயே போய்விட்டது. மீதி 0.1 காற்றின் வேலை. 100 மில்லி தண்ணீர் தன் இடத்திலிருந்து விலக்கிய காற்று சுமார் 0.12 கிராம், அந்த அளவுக்குக் காற்று அதை மேலே தூக்குகிறது. தராசைச் சரிசெய்த எஃகு எடைக்கல்லையும் காற்று கொஞ்சம் தூக்கியிருக்கும். அதைக் கழித்தால் ஏறக்குறைய 0.1 நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து 25 டிகிரிக்கான திருத்தக் காரணி 1.0040. 99.60-ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், 100 வந்துவிடும். இதைப் புதியவர்களையே பேனா பிடித்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். விடை வந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

நிரப்புவதிலும் பொறுமை வேண்டும். வளைந்த நீர்மட்டத்தின் அடி கோட்டைத் தொட வேண்டும், கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்தின் உள்பக்கம் கோட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் துளிகளை, சுருட்டிய வடிதாளால் ஒற்றி எடுக்கிறோம். ஒரு துளி சுமார் 0.05 மில்லி. இரண்டை விட்டுவைத்தாலே அனுமதித்த பிழை முழுவதும் தீர்ந்துவிடும். அப்புறம், எடை போட்ட கையோடு தண்ணீரின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அறையின் வெப்பநிலையைக் குறித்தால் போதாது.

சூடு ஏறினால் வித்தியாசம் சாதாரணமாகவே தெரியும். ஓர் ஆலையில் ஓட்டமானி காட்டும் லிட்டரும் எடைமேடை காட்டும் கிலோவும் பொருந்தவில்லை, மீட்டரில் கோளாறா என்று கேட்டார்கள். அளந்தது 90 டிகிரி வெந்நீர். அந்தச் சூட்டில் 1000 லிட்டர் 965 கிலோதான். மீட்டரைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

வரையறையிலும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. 1901-ல் ஒரு கிலோ தண்ணீர் அதன் உச்ச அடர்த்தியில் அடைக்கும் இடமே லிட்டர் என்று வைத்தார்கள். அது 1000 கன சென்டிமீட்டருக்குச் சரியாக வராமல் 1000.028 ஆக நின்றது. 1964-ல் அந்த வரையறையைக் கைவிட்டார்கள்.

மொட்டை மாடியில் தொட்டி வைக்கப் போகிறவர்கள் கேட்டால் மட்டும் நான் தசமத்துக்குப் போவதே இல்லை. 1000 லிட்டர் என்றால் ஒரு டன், தொட்டியின் எடை தனி. தளம் அதைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்வேன்.