பல்பு எரிகிற பியானோவில் மெட்டல்

நான் வாசிக்கிற பியானோவுக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும் என்றால் கொழும்பு நண்பர்கள் நம்ப மாட்டார்கள். மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது, சுவரே வியர்க்கும், மரத்தில் செய்த எதுவும் ஈரத்தைக் குடித்து ஊதும். பியானோவில் கம்பிகளின் ஒலியைப் பெருக்குகிற சவுண்ட்போர்டும் மரம்தானே, அது ஊதினால் கம்பிகளைத் தள்ளி சுருதியை ஏற்றிவிடும், கட்டைகள் அமுக்கினால் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் கீழ்ப்பலகையைக் கழற்றி, 40 வாட் பல்பு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, சூடு எதிலும் படாதபடி கட்டி வைத்திருக்கிறோம். முதல் தடவை அதைப் பார்த்த தாத்தா, "தப்பு காய்ச்சுற மாதிரிதான்" என்றார். தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்துக்குப் போகும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடாக்கித்தான் அவர் தப்பு மேளத்தைக் கையில் எடுப்பார்.

இந்தப் பியானோவில் நான் ஹெவி மெட்டல் வாசிக்கிறேன், கிட்டாரும் டிரம்ஸும் அதிர்கிற கனத்த ராக் இசை அது. ஞாயிறு காலையில் கீதங்கள், கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு கிரேட் பரீட்சைப் பாடங்கள், மண்டபம் காலியான பிறகு மெட்டல்.

வழி காட்டியவர் என்றால் விக்டோரியா யெர்மோலியேவா. உக்ரைனின் கீவ் நகரத்துக்காரர், முறையாகச் செவ்விசை படித்தவர், யூடியூபில் விகேகோஸ்வைல்ட் என்ற பெயரில் மெட்டாலிக்கா, ஸ்லிப்நாட் போன்ற மெட்டல் குழுக்களின் பாட்டுகளைத் தனியாளாகப் பியானோவில் வாசித்துப் போட்டுப் போட்டே தனக்கென்று ஒரு தொழிலைக் கட்டியெழுப்பியவர். அவருடைய வீடியோவை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வேகத்துக்காக இல்லை. செவ்விசையில் பழகிய அதே மணிக்கட்டை, அதே தோள் பாரத்தை, எதையும் விட்டுக்கொடுக்காமல் அவர் மெட்டலுக்குக் கொண்டுவந்திருந்தார், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கிட்டார் இல்லாமல் என்ன மெட்டல், இது வித்தை காட்டுகிற வேலை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் படிப்பித்த ஒருவரே பியானோவை உடைக்கப் போகிறாய் என்று சொல்லி மூடியைச் சாத்தியிருக்கிறார். ஆனால் பெரிய குழு வாசிப்பதை ஒரு பியானோவுக்குள் அடக்குவது பழைய வேலை. பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி எழுதினார். ரெக்கார்ட் இல்லாத அந்தக் காலத்தில் ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஊர்க்காரர்கள் சிம்பொனியை அப்படித்தான் கேட்டார்கள். மேடையில் ஒரே ஒரு பியானோ கலைஞர் மட்டும் உட்கார்ந்து முழுக் கச்சேரியையும் வாசிக்கிற வழக்கத்தை நிலைநிறுத்தியவரும் அவர்தான், 1840இல் லண்டனில் அதற்கு ரிசைட்டல் என்ற பெயரும் வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். மெட்டல் கிட்டாரில் பவர் கார்ட் என்பது ச, ப இரண்டு சுரம், மேலே இன்னொரு ச, அவ்வளவுதான். நடுவில் காந்தாரம் கிடையாது, ஏனென்றால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் போட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய ஒலிகள் கிளம்பும், காந்தாரம் அதில் சேறாகிவிடும். பியானோவில் டிஸ்டார்ஷன் இல்லை, இருந்தாலும் கீழ்ப்பகுதியில் காந்தாரம் சேர்த்தால் அதே சேறுதான், ஆகவே இடக்கைக்கு ச-ப-ச போதும். கிட்டாரின் தடித்த கம்பி சாதாரண சுருதியில் சுமார் 82 ஹெர்ட்ஸ். பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தகரத் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தவர், விரலுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அவர் கம்பிகளைத் தளர்த்தியதில் அந்த இசை இன்னும் கனத்தது. பியானோவின் இடது கடைசிக் கட்டையோ அதைவிடக் கீழே, 27.5 ஹெர்ட்ஸ். பாரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அதை எடுக்கத் தெரிய வேண்டும்.

கஷ்டமான இடம் ஒரே சுரத்தை விடாமல் அடிப்பது. கிராண்ட் பியானோவில் கட்டை முழுக்க மேலே வராமலே திரும்ப அடிக்கலாம், பியானோ செய்கிற எரார் நிறுவனம் 1821இல் காப்புரிமை எடுத்த பொறிமுறை அது. சுவரோரம் நிற்கிற எங்கள் அப்ரைட்டில் அந்த வசதி இல்லை, வேகம் கூடினால் சுத்தியல் தவறிவிடும். அதனால் சுரத்தை மேல் ஆக்டேவுக்கும் கீழ் ஆக்டேவுக்குமாக மாற்றி மாற்றிப் போடுகிறேன், சில இடங்களில் இரண்டு கைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறேன், இப்படிச் செய்தால் ஓட்டமும் கெடாது, மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளாது. கிட்டாரில் உள்ளங்கையால் கம்பியை அமத்தி எடுக்கிற அந்த அடைத்த சத்தத்துக்கு, பெடலை மறந்துவிட்டு, கட்டையைத் தொட்டதும் விட வேண்டும். புதிதாக வாசிக்கிறவர்கள் கனம் வரட்டும் என்று பெடலை அமுக்கி வைக்கிறார்கள், கேட்டால் சுரங்கத்துக்குள் ரயில் போகிற மாதிரி இருக்கும். மெட்டலின் கனம் பாதி அதன் இடைவெளியில் இருக்கிறது.

டிரம்ஸை என்ன செய்வது என்று நீண்ட நாள் தெரியாமல் இருந்தேன். இரண்டு காலாலும் ஓட்டுகிற டபுள் பேஸ் டிரம் அடியை அப்படியே கையில் கொண்டுவர முடியாது. அதற்குத் தீர்வு தாத்தாவிடம் கிடைத்தது. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்கு, தப்படித்து ஆள் கூப்பிட்ட காலத்து அடியை ஒருநாள் மேசையில் தட்டிக் காட்டினார். பெரிய குச்சி விழுகிற இடங்களை மட்டும் கேள், சின்னக் குச்சியின் ஓட்டம் தானாக உன் காதுக்குள் வரும் என்றார். அன்றிலிருந்து நான் எல்லா அடியையும் எழுதுவதில்லை. தாங்குகிற அடிகளை மட்டும் இடக்கையில் வைத்துவிட்டு மற்றதைக் கேட்கிறவரின் காதிடம் விட்டுவிடுகிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எங்கள் பையன்களின் கிட்டார், ஆம்ப் எல்லாம் ஊமை. பல்பும் அணைந்துதான் கிடந்தது, நடுப்பகுதியில் மூன்று கட்டைகள் ஒட்டிக்கொண்டன, ஆனால் பியானோவுக்குக் கரண்ட் தேவையில்லை. மெழுகுதிரி இரண்டை ஜன்னலில் வைத்துவிட்டு நான் வாசிக்க, டிரம்ஸ் வாசிக்கிற தம்பி பெஞ்சில் தட்ட, மற்றவர்கள் ரிஃப்பை, கிட்டாரில் திரும்பத் திரும்ப வருகிற அந்தத் துண்டை, வாயால் பாடினார்கள். அப்புறம் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் டோர்ச் லைட்டோடு என்ன சத்தம் என்று பார்க்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்தவர் தாத்தா. தப்பையும் கொண்டுவந்திருந்தார். "காய்ச்ச வைக்கோல் இல்ல, மெழுகுதிரிய இங்கிட்டு குடு" என்றார்.